உத்திரமேரூரில் ஒரு வைடூரியம்!

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. 'உத்திரமேரூர்... உத்திரமேரூர்...' என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் ஒரு மோதிரம். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி. இந்த இரண்டும் ஒரே சொல்லின் வாரிசுகள் என்று நாலு நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால், 'காலையிலேயே ஆரம்பிச்சிட்டியாப்பா?' என்று கேட்டிருப்பேன்.

மோதிரம் அப்பாவுடையது. நடுவில் சாம்பலும் தேனும் கலந்த நிறத்தில் ஒரு கல். திருப்பினால் பூனைக் கண் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நகரும். வைடூரியம்!

அதற்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. 1998-ல் நான் அஞ்சாங்கிளாஸ். படிப்பில் சுத்த மக்கு. போர்டில் டீச்சர் எழுதுவதெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். 'பையனுக்குக் கேது சரியில்லை. அப்பன் விரல்ல வைடூரியம் ஏறினா, பிள்ளை மண்டையில படிப்பு ஏறும்' என்றார் ஜோசியர். ஊர் ஊராகக் கல் விற்க வருகிற ஒருவரிடம் மூன்று தவணையில் அப்பா இந்தக் கல்லை வாங்கினார். உத்திரமேரூர் பத்தர் ஒருவர் அதைத் தங்கத்தில் பதித்துக் கொடுத்தார்.

அதே மாசம் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, 'இவன் போர்டைப் பார்க்கறதே இல்லை, பக்கத்துப் பையன் நோட்டைத்தான் பார்க்கறான். கண்ணைச் செக் பண்ணுங்க' என்றார். காஞ்சிபுரத்தில் கண் டாக்டர். மைனஸ் இரண்டரை. சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அரைப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸ்!

புகழ் யாருக்குப் போனது என்கிறீர்கள்? மோதிரத்துக்குத்தான். 'பார்த்தியா, வைடூரியம் வேலை செய்யுது' என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், கண்ணாடிக்குக் கிடைத்தது 'டேய் சோடாபுட்டி' என்ற பட்டம் மட்டும்.

போன வாரம் அம்மாவிடமிருந்து போன். அக்கா பொண்ணுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்துவிட்டது. முதல் வருஷ ஃபீஸ் இடிக்கிறது. "உன்கிட்ட இருக்கில்ல, அப்பாவோட வைடூரியம்... எடுத்துக்கிட்டு வாடா. பத்தர்கிட்ட காட்டிடலாம். லட்ச ரூபாய்க்குக் குறையாது" என்றார்.

*

எழுத்து மட்டும் சோறு போடாது என்பதால், படித்த பி.காம். வீணாகாமல் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேரமாகக் கணக்குப் பார்க்கிறேன். அங்கே ஒரு தம்பி ஜெர்மனிக்குப் போவதென்று முடிவு கட்டி, டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுகூட ஜெர்மன் வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டிருப்பான்.

"சார், உங்க மூக்குமேல இருக்கே, அதுக்கு ஜெர்மன்ல என்ன சொல்லுங்க?"

"ஜெர்மன் கண்ணாடி!"

"கடிக்காதீங்க சார். 'ப்ரில்ல'. வாத்தியார் சொன்னார், அது 'பெரில்'ங்கற ரத்தினக் கல்லோட பேர்லேருந்து வந்ததாம். அந்தக் கல்லு பேரு நம்ம ஊர்லேருந்து போனதாம்!"

நம்ம ஊர் என்றால் விடுவேனா? ரெண்டு ராத்திரி அகராதிகளோடு உட்கார்ந்தேன். பையன் சொன்னது நிஜம்.

ஜெர்மன்காரர்கள் 'பெரில்' என்பது லத்தீனில் 'பெரில்லுஸ்'. அதற்கு முன் கிரேக்கத்தில் 'பேரில்லோஸ்'. கிரேக்கர்களுக்கு அது பிராகிருத 'வேருலிய'விலிருந்து போனது. பாலியில் 'வேளுரிய'. சமஸ்கிருதத்தில் 'வைடூர்ய'. ஆமாம் சார், நம்ம வைடூரியமேதான்!

அதற்கும் முன்னால்? அங்கேதான் சுவாரசியம். பாணினி இலக்கணம், விதூரம் என்ற இடத்திலிருந்து வந்ததால் வைடூரியம் என்று பெயர் கற்பிக்கிறது. பின்னால் வந்த பதஞ்சலி, கல் கிடைப்பது வாலவாய மலையில், விதூரத்தில் பட்டை மட்டும்தான் தீட்டுகிறார்கள் என்று மறுப்புச் சொல்கிறார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சண்டை! இன்றைய மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இதன் வேர் திராவிட மொழிகளில்தான் இருக்கவேண்டும் என்கிறார்கள். வெளிறிப்போவதைச் சொல்லும் நம் 'வெளிறு' என்ற சொல்லைக் காட்டுகிறார் ஒருவர். வேலூர், பேலூர் மாதிரி ஓர் ஊர்ப் பெயரைக் காட்டுகிறார் இன்னொருவர். தீர்ப்பு எதுவானாலும் கேஸ் நடக்கிற கோர்ட் தென்னிந்தியாவில்தான்.

*

பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது. ஆற்றில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. ஜன்னலோர சீட். எனக்கு யோசிக்க நிறைய நேரம்.

ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் பிளினி என்று ஒரு மனுஷர் இருந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி எழுதிவைத்தவர். பெரில் கற்கள் இந்தியாவில் விளைபவை, வேறெங்கும் கிடைப்பது அபூர்வம் என்கிறார். அதோடு விட்டாரா? படிகக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்வதில் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள், அதிலும் குறிப்பாகப் போலி பெரில் என்று ஒரு குத்தும் வைக்கிறார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நீரோ மன்னன் மரகதத்தின் வழியாக வீரர்களின் சண்டையைப் பார்ப்பான் என்று எழுதியிருப்பவரும் பிளினிதான். ஃபிடில் கதையில் வருகிற அதே நீரோதான். மரகதமும் பெரில் ஜாதிதான். குரோமியம் சேர்ந்து பச்சையானது. கடல் நிறத்தில் இருந்தால் அக்வாமரின். ஆக, சரித்திரத்தில் பதிவான முதல் கூலிங் கிளாஸ் பெரில்!

இந்தக் கல் எங்கே கிடைத்தது? நம் கொங்கு நாட்டில். காங்கேயம் பக்கத்தில் படியூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களும் அங்கே பெரில் தோண்டினார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது பெரில், படிகம், சூதுபவளம் எல்லாம் மணியாகவும் பாதி வேலை முடிந்த கல்லாகவும் கிடைத்தன. கொடுமணம் என்று பதிற்றுப்பத்து பாராட்டுகிற ஊர் அதுதான் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. கொங்கு நாட்டில் புதையல் புதையலாக ரோமானியக் காசு கிடைக்கிறதே, அதில் இந்தக் கல்லுக்கான விலையும் இருக்கும்.

கல் மேற்கே போனது. கூடவே பேரும் போனது. ஐரோப்பாவில் பளிங்கு மாதிரி தெளிவாக உள்ள கல்லுக்கெல்லாம் பெரில் என்றே பேர் வைத்துவிட்டார்கள். வனஸ்பதிக்கெல்லாம் நாம் டால்டா என்று சொல்லவில்லையா, அந்த மாதிரி. அதைக் குவியலாகத் தேய்த்து எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து பெரிசாகத் தெரிந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிக்காரன் எவனோ இரண்டு வில்லைகளைச் சேர்த்து மூக்கில் மாட்டினான். ஜெர்மன்காரர்கள் அதை 'ரெண்டு பெரில்' என்கிற மாதிரி பன்மையில் கூப்பிட்டார்கள். அந்தப் பன்மைதான் தேய்ந்து 'ப்ரில்ல' ஆயிற்று. அப்புறம் வில்லையைச் சாதாரணக் கண்ணாடியில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கல் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது!

நாமோ நேர்மையான ஆசாமிகள். கண்ணாடியில் செய்ததைக் கண்ணாடி என்றே சொல்கிறோம். முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் இருப்பதும் கண்ணாடி.

இன்னொரு வேடிக்கை. நாம் இன்று வைடூரியம் என்று கேது பகவானுக்குப் போட்டுக்கொள்வது பழைய வைடூரியம் இல்லை. பூனைக் கண் கல். அது வேறு கனிமம். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் 'கிரைசோபெரில்'. கிரேக்கத்தில் பொன் பெரில் என்று அர்த்தம். எப்படிச் சுற்றினாலும் நம்ம வைடூரியம் வந்து நிற்கிறது.

*

செய்யாற்றையும் தாண்டி, காஞ்சிபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போல வந்ததும் உத்திரமேரூர். பத்தர் பத்தரை மணிக்குத்தான் கடை திறப்பார். ஒரு டீயைக் குடித்துவிட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

உலகப் புகழ் பெற்ற கோயில். ஆனால் கூட்டம் இல்லை. நான், ஒரு நாய், நிழலில் படுத்திருந்த ஒரு பெரியவர். சுவர் முழுக்க, அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், இந்த ஊர்ச் சபை தனக்கு விதித்துக்கொண்ட தேர்தல் விதிகள். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய பார்லிமென்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் வந்த உத்திரமேரூர் இதுதான்.

ஊரை முப்பது குடும்பு, அதாவது வார்டுகளாகப் பிரிப்பார்கள். தகுதியுள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு எடுப்பான். குடவோலை! அதில் தேறியவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று கமிட்டிகள்.

தகுதி என்ன? வயசு 35-க்கு மேல், 70-க்குள். (எனக்கு இப்போதுதான் தாண்டியது. பாஸ்!) வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். (என்னிடம் தொட்டியில் ஒரு துளசிச் செடி.) சொந்த மனையில் சொந்த வீடு. (சென்னையில் வாடகை, பதினொரு மாச அக்ரிமென்ட்.) வேதம் கற்றிருக்க வேண்டும். (பி.காம். செல்லாது.) ஒருமுறை வாரியம் செய்தவர் அடுத்த மூன்று வருஷம் நிற்க முடியாது.

ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் ஒன்று. இது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதி மங்கலம். நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இந்தக் குடத்தில் இடம். ஏரியில் மண் சுமந்தவன் பேரோ, எங்கள் அம்மா மாதிரி ஒரு பெண் பேரோ அதில் விழுந்திருக்காது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விதி என்னை நிறுத்திவிட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவன் பேர் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பேரையும்! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஆடிட்டிங். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட என்ன தரிசனம் வேண்டும்?

வாரியங்களின் பட்டியலில் பொன் வாரியம் என்றும் ஒன்று இருக்கிறது. ஊரில் புழங்கும் பொன் சரியான மாற்றுத்தானா என்று பார்க்கிற பொறுப்பு. மாற்றுப் பார்ப்பது தனியாருக்கு விட்ட விஷயமில்லை, ஊர்ப் பொதுக் காரியம்.

அப்படியே ஏரிப் பக்கம் நடந்தேன். பல்லவர் காலத்து ஏரி. பழைய பேர் வைரமேக தடாகம். பேரிலேயே வைரம்! தந்திவர்ம பல்லவனின் பட்டப் பேர் அது. இந்த ஊரில் நிஜமான ரத்தினம் இந்தத் தண்ணீர்தான் என்று ஏரி வாரியம் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

*

பத்தர் கடை. அப்பாவுக்குக் கல் பதித்துக் கொடுத்தவரின் மகன். தலை நரைத்திருந்தது. அம்மா எனக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாரோ என்று பயந்தேன். நல்லவேளை, இல்லை.

"வா தம்பி. அம்மா சொன்னாங்க. குடு."

முதலில் உரைகல். மோதிரத்தின் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கருப்புக் கல்லில் மஞ்சள் கோடு. திராவகத்தைத் தொட்டு வைத்துப் பார்த்தார். "தங்கம் சுத்தம். எங்க அப்பா கை" என்றார், கொஞ்சம் பெருமையாக.

அப்புறம் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தார். ஜெர்மன் அகராதிப்படி ஒரு வைடூரியம் இன்னொரு வைடூரியத்தைப் பார்க்கிறது! சிரிக்கலாமா என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கல்லைப் பக்கவாட்டில் திருப்பினார். மறுபடி பார்த்தார். லென்ஸை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நீயே பாரு. பக்கத்துலேருந்து."

என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸில் பார்த்தேன். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறுகோணங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

"கண்ணாடி இழை, தம்பி. மெஷின்ல கட்டுக் கட்டா சேர்த்து உருக்கினது. அதான் கோடு இவ்ளோ நேரா, அழகா ஓடுது. நிஜக் கல்லுல இவ்ளோ அழகா ஓடாது."

"அப்போ விலை...?"

"தங்கத்துக்கு உண்டு. கல்லுக்கு..." கையை விரித்தார். "நம்ம அப்பா காலத்துல இது புதுசு. அவரு பதிச்சுக் குடுத்தாரு, அவ்ளோதான். யாரு வித்தாங்களோ."

தங்கத்துக்கு அவர் சொன்ன தொகை ஃபீஸில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. லட்ச ரூபாய்க் கனவு உரைகல்லுக்குக்கூடப் போகாமல் லென்ஸிலேயே போய்விட்டது.

வெளியே வந்து நின்றேன். என்ன செய்வது? 'கல்லு நல்ல விலை போச்சும்மா' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மீதியை எங்கேயாவது கடன் வாங்கிப் போட்டுவிடலாம். அப்பா ஏமாந்தார் என்று அம்மாவுக்குத் தெரியவேண்டாம். நல்ல பொய்தான். ஆனால் அரை மணி நேரம் முன்னால்தான் கணக்குக் காட்டாதவன் கதியைக் கல்லில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உறவுக்காரர் பேரும் சேர்ந்து அடிபடும்!

*

அம்மாவிடம் நேராகச் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"கண்ணாடியா?"

"கண்ணாடிதாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மூணு தவணை கட்டினாரு. அந்த மூணு மாசமும் வெளியில டீகூடக் குடிக்கலை அந்த மனுஷன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் யோசித்ததையெல்லாம் உளறிக் கொட்டினேன். கொங்கு நாடு, ரோமாபுரி, ஜெர்மனி, ப்ரில்ல... மூக்குக் கண்ணாடிக்கு ஜெர்மன்காரன் வைடூரியத்தின் பேரைத்தான் வைத்திருக்கிறான் என்றேன். பெரிலியம் என்ற உலோகத்துக்கும் இந்தக் கல்லின் பேர்தான். 2021 கிறிஸ்துமஸ் அன்றைக்கு விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதினெட்டுக் கண்ணாடித் துண்டுகளும் அந்தப் பெரிலியத்தில் செய்ததுதான், நம்ம ஊர்ச் சொல் வானத்தில் இருந்துகொண்டு நட்சத்திரம் பார்க்கிறது என்றேன்.

அம்மா நட்சத்திரத்தை விட்டுவிட்டார். முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்குக் கண்ணாடிதான் வைடூரியம்ங்கறானா அவன்?"

"பேர் அப்படித்தாம்மா."

"அப்போ உங்கப்பா சொன்னது சரிதானே? வைடூரியத்தாலதான் நீ படிச்சே. அவரு அதை விரல்ல தேடினாரு, அது உன் மூக்குல இருந்துது."

நான் வாயடைத்துப்போனேன். அம்மா படித்தது எட்டாங்கிளாஸ்.

"போய்த் தங்கத்தைப் போட்டுட்டு வா. கல்லை மட்டும் வாங்கிக்கிட்டு வந்துடு. மீதிக்கு உங்க அக்காகிட்ட நானே பேசறேன். மறைக்காதே."

கணக்கு ஒப்படைக்கிறேன். தங்கம் போட்ட வகையில் வரவு, ஃபீஸில் ஒரு பகுதி. மீதி, அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம், நான் கொஞ்சம், கல்லூரியில் இரண்டு தவணை. பெண் சேர்ந்துவிட்டாள். கல்லின் மதிப்பு, பத்தர் கணக்கில் பூஜ்யம்.

அது இப்போது என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. ராத்திரி கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில்தான் வைக்கிறேன்.